அடங்கலுக்கு வெளியே ஒரு டெல்டா

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் வட்டத்தில் பாலக்குறிச்சி என்றொரு ஊர். வெளியூர்க்காரர்கள் தேடிக்கொண்டு போகும் ஊர் அல்ல. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரை யாராவது வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். தஞ்சாவூர் ஜில்லாவில் அப்படி எண்ணப்பட்டது பாலக்குறிச்சி. 1918-இல் அது புத்தகத்தில் ஏறியது. 1930-களின் பிற்பாதியில் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் ஊரை மறுபடி கணக்கெடுக்க வைத்து 1940-இல் வெளியிட்டார்கள். 1983-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.குகன் பெயரில் இன்னொரு மறு ஆய்வு வந்தது. 2019-இல் பெங்களூரிலிருந்து இயங்கும் வேளாண் ஆய்வு அறக்கட்டளை ஒன்று பாலக்குறிச்சியையும் அருகிலுள்ள வெண்மணியையும் வீடு வீடாக எண்ணியது. மதுரா சுவாமிநாதன், வி.சுர்ஜித், வி.கே.ராமச்சந்திரன் ஆகியோர் பதிப்பித்து 2023-இல் அது நூலானது. கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் என்றதும் நமக்குக் கண்ணில் நிற்பது கருத்தரங்க மேடையும், தொலைக்காட்சி விவாதமும், அமைச்சரிடம் அறிக்கை கொடுக்கும் படமும்தான். அங்கே வேலை பார்க்கிறவர்களின் மெய்யான பயன் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அரசுக்கு அவர்கள் சொன்ன யோசனைகளைவிட, அதே ஊருக்கு அதே கேள்விகளோடு திரும்பப் போனதுதான் காவிரி டெல்டாவுக்கு அவர்கள் செய்த உபகாரம். அந்த வேலைக்குத்தான் இன்று பணம் ஒதுக்க ஆளில்லை.

திரும்பப் போவானேன், அரசிடம் இல்லாத கணக்கா என்று கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்குக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டாம் எண் கணக்கு அடங்கல்: எந்த சர்வே எண்ணில், எந்தப் போகத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு. பட்டாதாரர் யார் என்பதற்குச் சிட்டா. இந்த இரண்டும் கையில் இருந்தால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கலாம், பயிர்க் காப்பீடு செய்யலாம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கலாம், வெள்ளம் வந்தால் நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கலாம். சிட்டாவில் பெயர் இருப்பவர் பல ஊர்களில் வயலில் இல்லை என்பதுதான் டெல்டாவின் சிக்கல். அவர் கும்பகோணத்தில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். அல்லது அவர் ஒரு கோயில், ஒரு மடம். சேற்றில் நிற்பவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். மாவுக்கு இத்தனை மூட்டை, அல்லது இவ்வளவு ரொக்கம் என்று பேச்சோடு முடிந்துவிடும், துண்டுச்சீட்டுகூட எழுதுவதில்லை. விதை, உரம், டிராக்டர் வாடகை, ஐப்பசி மழையில் முழுகிய நாற்று எல்லாம் அவர் தலையில். சான்று வேண்டுமென்றால் நில உடைமையாளர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கிராம நிர்வாக அலுவலர் மனது வைக்க வேண்டும். 2019-இல் வந்த பி.எம்.கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. தருவது நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்கு. சாகுபடி செய்கிறவருக்கு என்று நினைத்துச் செலவிடும் பணம் சாகுபடியை விட்டுப் போனவர் கணக்கில் விழுகிறது. தவறு அதிகாரியுடையது அல்ல, அவர் கையில் உள்ள தாளுடையது.

குத்தகையை எழுதாமல் விட்டது தற்செயலும் அல்ல. 1952-இல் ராஜாஜி ஆட்சி தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956-இல் நியாயவாரச் சட்டம். நஞ்சைக்கு நில உடைமையாளர் பங்கு 40 சதவீதம் என்று தொடங்கிப் பின்னாளில் 25-க்கு வந்தது. கோயில், மடம் போன்ற அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-இல் தனிச் சட்டம். 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றவே ஒரு சட்டம். இவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது சரியல்ல. பதிவேட்டில் ஏறியவரை லேசில் எழுப்ப முடியாது என்ற நிலை வந்த பிறகே பல குடும்பங்கள் மிராசுதார் வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றன. சில அந்த நிலத்தையே விலைக்கும் வாங்கின. அதே காரணத்தால் அடுத்த தலைமுறை நில உடைமையாளர்கள் புதிதாக யாருக்கும் எழுதிக் கொடுப்பதை நிறுத்தினார்கள். எழுதினால் நிலம் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். எழுதச் சொன்னால் அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்காது என்று சாகுபடிக்காரருக்குப் பயம். பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பில்லாத ஒரு புதுக் குத்தகையை வளர்த்துவிட்டது. அந்தப் புதுக் குத்தகை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தமிழ்நாட்டில் குத்தகை சொற்பம் என்று தேசிய அளவிலான கணக்குகள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இது வெளியே தெரிந்தது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களால். அவர்கள் யார் என்பது சுவாரசியமான சங்கதி. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் தங்கள் சேமிப்பைப் போட்டு 1971-இல் அடையாறு காந்தி நகரில் தொடங்கியது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 1977-இல் அது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் குடைக்குள் வந்தது. மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில் நடக்கும் தன்னாட்சி நிறுவனமானது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்தான் குகன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாட்டு நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கோட்டையில் உட்கார்ந்து முதியோர் ஓய்வூதியத்துக்கும் விவசாயக் கடனுக்கும் கோப்பில் குறிப்பெழுதிய மனிதர், பிறகு கீழத்தஞ்சையின் ஒரு கிராமத்தில் எத்தனை குடும்பம், யாருக்கு எத்தனை மா நிலம், என்ன கூலி என்று ஆய்வு செய்தார். அவருடைய பாலக்குறிச்சி மறு ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். பிற்காலத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்கு அவர் போட்ட கணக்குகளில் ஒரு நிதானம் உண்டு. யாருக்கு, எவ்வளவு, அரசால் எத்தனை காலம் தாங்க முடியும் என்று பார்க்கும் நிதானம் அது. கோப்பை மட்டும் பார்த்தவருக்கும் கிராமத்தை மட்டும் பார்த்தவருக்கும் அது கைவராது.

பேராசிரியர்களுக்குப் பெயர் மிஞ்சும். எண்ணியவர்களுக்கு முன்னுரையில் ஒரு வரி நன்றி. அவர்கள் செய்வது என்ன வேலை என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கேள்வித்தாளில் ஏக்கர் என்று கட்டம் போட்டிருக்கும். எதிரில் இருப்பவர் "அஞ்சு மா" என்பார். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பது தெரியாதவர் அங்கேயே தடுக்கி விழுவார். விளைச்சல் மாவுக்கு இத்தனை மூட்டை என்று வரும். டெல்டா வழக்கில் ஒரு மூட்டை 60 கிலோ; கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ; வயதானவர் கலத்தில் சொன்னால் இரண்டு கலம் ஒரு மூட்டை. கூலி இன்னும் சிக்கல். "போன வருஷம் நடவில் எத்தனை நாள் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால் நேரான பதில் வராது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து இறங்கி, வந்த பணத்தைப் பிரித்திருப்பார்கள். குறுவையில் எத்தனை வயல், தாளடியில் எத்தனை வயல், ஒரு வயலுக்கு எத்தனை பேர் என்று பின்னோக்கி வந்தால்தான் ஒருவருக்கு எத்தனை நாள் என்று பிடிபடும். கடைமடையில் புழுதி விதைப்பாக இருந்தால் நடவே இல்லை, களையெடுப்பு மட்டும். அறுவடைக்குப் பெல்ட் மெஷின் வந்துவிட்டது. ஆக, அந்தப் பெண்ணின் ஆண்டு வேலை நாள் எங்கே சுருங்கியது என்பதற்கு விடை ஒரே கட்டத்தில் நிரப்பும் எண்ணில் இல்லை, அந்த எண் வந்த வழியில் இருக்கிறது. குத்தகைக் கேள்வி எல்லாவற்றையும்விட நுட்பம். முதல் நாள் கேட்டால் "சொந்த நிலந்தான்" என்பார்கள். நான்காம் நாள் உரக்கடைக் கடனைப் பற்றிப் பேச்சு வரும்போது உண்மை தானாக வெளியே வரும். அதுவரைக்கும் ஊரில் தங்கியிருப்பவருக்கே அது கிடைக்கும்.

இதற்கு வரும் ஆட்சேபணைகளில் வலுவானது, இப்போது செயற்கைக்கோளும் கைப்பேசிச் செயலியும் இருக்கும்போது இந்தத் திண்ணைக் கணக்கு எதற்கு என்பது. 2024 இறுதியில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். ஸ்லேட்டருக்குப் பிறகு இத்தனை மாணவர்கள் ஒன்றாகக் கணக்கெடுக்கப் போனது இப்போதுதான் இருக்கும். வரப்பில் நின்று படம் எடுத்து, சர்வே எண்ணோடு பயிரைப் பொருத்துவது அவர்கள் வேலை. பயன் இல்லாத வேலை அல்ல. பரப்பளவுக் கணக்கில் நடக்கும் பழைய கண்கட்டு வித்தைகள் குறையும். ஆனால் என்ன பயிர் என்பதை வானத்திலிருந்து பார்த்துவிடலாம், யார் கடனில் அது நிற்கிறது என்பதைப் பார்க்க முடியாது. இன்னொன்று, பெரிய எண் எளிதில் சட்டமாகிவிடும். 2007-இல் காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு கர்நாடகம் ஆண்டுக்கு 192 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைத்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சி, டெல்டாவின் நிலத்தடி நீரைக் காட்டிக் குறைத்தது. நிலத்தடியில் 20 டிஎம்சி உண்டு என்ற மதிப்பீட்டில் பாதியைப் பாதுகாப்பாக எடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் கணக்கு. மொத்த டெல்டாவுக்கும் ஒரே எண். திருவையாற்றில் ஆழ்குழாய் போட்டவருக்கு அது பொருந்தலாம். கீழையூரிலும் வேதாரண்யத்திலும் தோண்டினால் உப்புத்தண்ணீர் வரும் ஊர்களின் கடைமடை விவசாயிக்கு அந்த 10 டிஎம்சியில் ஒரு குடம்கூடக் கிடையாது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நிலத்தடியும் குறையும் என்று தமிழ்நாடு வாதாடியது. எந்த ஊரில் எத்தனை குடும்பம் எந்தத் தண்ணீரில் பிழைக்கிறது என்று பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கு கையில் இருந்திருந்தால், அந்தச் சராசரியை இவ்வளவு சுலபமாக யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். அது தீர்ப்பை மாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி.

ஒரு கிராமம் டெல்டா ஆகிவிடுமா என்றும் கேட்பார்கள். ஆகாது. ஆனால் இந்த வட்டாரத்தில் எண்ணப்பட்டது ஒரே ஒரு கிராமம் அல்ல. ஆந்த்ரே பெத்தே 1961-62-இல் திருவையாற்றுப் பக்கம் ஓர் அக்கிரகார ஊரில் தங்கி, ஸ்ரீபுரம் என்று மாற்றுப் பெயர் வைத்து 1965-இல் எழுதிய புத்தகம் சமூகவியல் படிப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் கும்பபேட்டை, நாகைப் பக்கம் கிரிப்பூர் என்று மாற்றுப் பெயரிட்ட இரண்டு ஊர்களில் இருந்தார். 1976-இல் இரண்டுக்கும் திரும்பி வந்தார். 1981-இலும் 1989-இலும் இரண்டு தடித்த புத்தகங்கள் போட்டார். இவற்றைப் பாலக்குறிச்சிக் கணக்குகளோடு சேர்த்து வைத்தால் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசமே ஒரு பாடம். ஆற்றோரத்தில் அக்கிரகாரத்து மிராசுதார்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் பிடித்துக்கொண்டு நிலத்தை விட்டார்கள்; ஊரின் பிடி இடைப்பட்ட சாதியினர் கைக்கு மாறியது. கிழக்கே செங்கொடிச் சங்கம் கூலிக்காகப் போராடியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 2019 ஆய்வு பாலக்குறிச்சிக்குத் துணையாக வெண்மணியைச் சேர்த்தது அதனால்தான் அர்த்தமுள்ளது. அருகருகே உள்ள இரண்டு ஊர், ஒரே கடைமடைத் தண்ணீர், ஒரே நெல். போராட்டம் நடந்த ஊரில் தலித் குடும்பங்களுக்கு நிலம் எவ்வளவு கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. மாவட்டச் சராசரியில் அது கரைந்து போயிருக்கும். கிராம ஆய்வு மொத்தத் தொகை சொல்வதற்கு அல்ல, காரணம் சொல்வதற்கு.

அறிக்கை எழுதி என்ன ஆயிற்று, அலமாரியில் தூங்குகிறதே என்ற குறையில் பாதி நியாயம் உண்டு. காவிரி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். குகன் 1993-இல் காவிரித் தகராறில் சமரசத்துக்கு வழி உண்டா என்று ஒரு புத்தகம் எழுதினார். பத்தாண்டு கழித்து, 2003-இல், அதே நிறுவனத்தின் எஸ்.ஜனகராஜன் முன்னின்று இரு மாநில விவசாயிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். காவிரிக் குடும்பம் என்று பெயர். டெல்டா விவசாயிகள் கர்நாடகத்துக்குப் போனார்கள். மாண்டியாக்காரர்கள் இங்கே வந்து கடைமடையைப் பார்த்தார்கள். அந்த முயற்சி உடன்பாட்டில் முடியவில்லை, வழக்குதான் வென்றது. இதைத் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பற்றாக்குறை ஆண்டில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைத் தீர்ப்பு அவ்வளவு தெளிவாகத் தீர்க்கவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம். 2024-இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. குறுவைக்காரர்கள் நிலத்தடித் தண்ணீர் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். 2018-இல் அமைந்த மேலாண்மை ஆணையத்தின் கூட்டங்களில் இரு மாநிலப் பொறியாளர்களும் தத்தம் எண்களோடு வருகிறார்கள். இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் வயல் கணக்கு ஒன்று வேண்டும் என்று அந்த விவசாயிகள் உட்கார்ந்து பேசிய இடத்தில்தான் இன்னமும் நாம் நிற்கிறோம்.

ஆய்வாளர்கள் இடதுசாரிகள், முடிவை முன்னாலேயே வைத்துக்கொண்டு போகிறார்கள் என்பது மற்றொரு புகார். சிலர் இடதுசாரிகள்தான், மறைப்பதும் இல்லை. பாலக்குறிச்சியை எண்ணியவர்களின் வரிசையைப் பாருங்கள். ஸ்லேட்டர் இங்கிலாந்தில் தொழிலாளர் கல்லூரியான ரஸ்கினுக்கு முதல்வராக இருந்தவர். குகன் அரசு அதிகாரி. கடைசியாக வந்தவர்கள் மார்க்சியர்களோடு நெருங்கியவர்கள். அரசியல் வேறு வேறு, ஊர் ஒன்று, அட்டவணை அச்சில் இருக்கிறது. ஒருவர் கணக்கை அடுத்தவர் வந்து சரிபார்க்கலாம், பொய்யென்று நிரூபிக்கவும் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் வண்ணப்படங்களோடு அறிக்கை தரும் ஆலோசனை நிறுவனங்களிடம் இந்த வசதி கிடையாது. அவர்கள் கேள்வித்தாளையே காட்ட மாட்டார்கள். அரசு மானியத்தில் வாழ்பவர் அரசை எப்படிக் குறை சொல்வார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. மானியம் தாமதமாகும், காலிப் பணியிடம் நிரப்பப்படாது, வாய் தானாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும். இதை மறுக்க என்னால் முடியாது. மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து பணம் தரும் ஏற்பாட்டில், இரண்டும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்வது அபூர்வம் என்ற அளவுக்குத்தான் பாதுகாப்பு.

மெய்யான நெருக்கடி வாயைப் பற்றியது அல்ல, ஆளைப் பற்றியது. இன்று களப்பணியாளர் ஒப்பந்தத்தில் வருகிறார். ஆறு மாதத் திட்டம், தொகுப்பூதியம், அறிக்கை முடிந்தால் வீடு. மாவும் கலமும் பழகி, உரக்கடைக் கடனிலிருந்து குத்தகையைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்வதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். டெல்டாவில் நெல்லுக்கு 1922-இலிருந்து ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணுக்கும் நீருக்கும் தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் இருக்கிறது. நெல்லை அரைத்துப் பதப்படுத்தத் தஞ்சாவூரிலேயே தேசிய நிறுவனம். தமிழுக்குப் பல்கலைக்கழகம். நெல் விளைவிக்கும் குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுக்க மட்டும் இங்கே ஒரு நிரந்தர அலுவலகம் இல்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாராவது வர வேண்டும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் அறிவித்தது. முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைப்பும் உண்டு. எண்ணெய்க் கிணற்றைத் தடுக்க அது உதவும். உள்ளே யார் சாகுபடி செய்கிறார், எந்த உரிமையில் என்பது தெரியாமல் அது யாருடைய வேளாண்மையைப் பாதுகாக்கும்?

இதற்காக இன்னொரு கட்டடத்துக்குக் கால்கோள் விழா நடத்த வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து வேதாரண்யம் வரை, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துப் புது டெல்டாவையும் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு ஊர்கள் போதும். ஸ்லேட்டரும் கஃபும் எண்ணிய ஊர்கள் அதில் இருக்கட்டும். நிரந்தரச் சம்பளத்தில் எட்டுப் பத்து கணக்கெடுப்பாளர்கள். பாதிப்பேர் பெண்களாக இருப்பது நல்லது, நடவுக் கணக்கு அவர்களிடம்தான் வரும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே கேள்விகள், அட்டவணைகள் தமிழிலும் அச்சில். பழைய கேள்வித்தாளில் இல்லாத புதுப் பக்கங்களும் வேண்டியிருக்கும். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து இப்போது குழுக்கள் வருகின்றன. அவர்கள் எந்த ஊர்க் குடும்பப் பட்டியலிலும் இல்லை, எந்த நலவாரியத்திலும் இல்லை. ஏக்கருக்கு எவ்வளவு, இடைத்தரகர் எடுப்பது எவ்வளவு, ஊர்ப் பெண்களின் வேலை நாள் அதனால் குறைந்ததா என்பதற்கு இன்று ஊர்ப்பேச்சைத் தவிர வேறு சான்று கிடையாது. நடவு முடிந்த வாரமே அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே தை அறுவடைக்குக் காத்திராமல், குறுவை நாற்றுப் பறிக்கும்போதே கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டியிருக்கும்.